அமெரிக்காவை எழுத ஒரு கவுன்ட்டி போதும்

அமெரிக்க வாழ்க்கையைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எங்கெங்கே போக வேண்டும்?" என்பதுதான். எங்கேயும் போக வேண்டாம் என்பேன். நீங்கள் இருக்கும் கவுன்ட்டியிலேயே இருங்கள். கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி, நம் மாவட்டம் மாதிரி. அங்கே ஒரு வேலையையோ, மாதாமாதம் நடக்கும் ஒரு கூட்டத்தையோ, ஒரு கட்டடத்தையோ பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். நயாகராவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர் நீதிமன்றத்தில் செவ்வாய்க்கிழமை காலை என்ன நடக்கிறது என்று தமிழில் எழுத உங்களைத் தவிர யாரும் இல்லை.

நான் ஒஹாயோவின் நடுப்பகுதியில், சோளமும் சோயாவும் விளையும் ஒரு கவுன்ட்டியில் வசிக்கிறேன். கணவரின் வேலைக்காக வந்தவள். எச்-4 விசாவில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கையில் இருந்தது நேரமும் நூலக அட்டையும். ஊரைப் புரிந்துகொள்ளப் புத்தகம் எடுக்கத் தொடங்கி, புத்தகம் சொல்லிக்கொடுத்தபடி ஊரைப் பார்க்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது: முதலில் வாசிப்பு, அப்புறம் களம், கடைசியில் எழுத்து.

நான் சொல்லும் இந்த எழுத்துக்கு இலக்கிய இதழியல் என்று பெயர். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். ஆனால் சிறுகதைக்காரர் கையாளும் எல்லா உத்தியையும் கையாளலாம். 1973-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டாம் வுல்ஃப் ஒரு தொகுப்பு நூலின் முன்னுரையில் அதை நான்காகப் பிரித்துச் சொன்னார். செய்தியைக் காட்சி காட்சியாகச் சொல்வது, பேச்சை முழுதாகக் கொடுப்பது, ஒருவரின் கண்வழியே நிகழ்வைக் காட்டுவது, அப்புறம் ஒரு மனிதர் சமூகத்தில் எந்தப் படியில் நிற்கிறார், எந்தப் படிக்கு ஆசைப்படுகிறார் என்று காட்டிக்கொடுக்கும் சின்னச் சின்ன விவரங்களைப் பொறுக்குவது. ஒரு நாட்டின் பண்பாட்டைத் தேடிப் போகிற நமக்கு இந்த நான்காவதுதான் தங்கம். வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் வண்டி புதியதா பழையதா, சட்டைப் பையில் தைத்திருப்பது சொந்தப் பெயரா கம்பெனிப் பெயரா, தேவாலயத்தில் யார் முன் வரிசையில் உட்காருகிறார்கள் என்பதில் எல்லாம் ஊரின் ஏணி தெரியும்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது

ஆங்கிலம் தயக்கமாக இருப்பவர்கள் ஸ்டட்ஸ் டெர்க்கலிலிருந்து தொடங்குங்கள். சிகாகோ வானொலிக்காரர். 1974-ல் வந்த ‘வொர்க்கிங்’ புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். இரும்பாலைத் தொழிலாளி, பியானோ சுருதி சேர்ப்பவர், கல் கொத்தனார், தொலைபேசி இணைப்புப் பெண் என்று எல்லாமே பேச்சுமொழி. ஒருவர் பேச்சு சில பக்கங்களில் முடிந்துவிடும். பேருந்தில் போகும்போது ஒன்று வாசிக்கலாம். அதில் ஓட்டல் பரிமாறும் பெண் ஒருவர், தான் மேஜையில் தட்டை வைத்தால் சத்தமே கேட்காது என்கிறார். அந்த ஒரு விவரத்தில் அவருடைய இருபத்துச் சொச்ச வருட உழைப்பும், தன் வேலையைக் கலையாக மதிக்கிற பெருமையும், அதை மற்றவர்கள் மதிக்கவில்லை என்ற கோபமும் சேர்ந்து வருகின்றன. டெர்க்கலின் வானொலிப் பேட்டிகள் பல இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. கேளுங்கள். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார், எதிரில் இருப்பவர் நிறுத்தும்போது எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்கும் கலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

அடுத்து ஜிம்மி பிரெஸ்லின் 1963 நவம்பரில் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழில் எழுதிய பத்தி. கென்னடி கொல்லப்பட்டிருக்கிறார், இறுதிச் சடங்குக்கு உலகத் தலைவர்கள் வருகிறார்கள், நிருபர் கூட்டம் முழுக்க வாஷிங்டனில் இருக்கிறது. பிரெஸ்லின் மட்டும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் கிளிஃப்டன் போலார்டைத் தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வேலைக்கு அழைக்கிறார்கள். அவருடைய கூலி மணிக்கு 3 டாலர் 1 சென்ட். மறுநாள் சடங்கு நடக்கும் நேரத்தில் அவர் அதே தோட்டத்தின் இன்னொரு பக்கத்தில் வேறு யாருக்கோ குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு தேசத்தின் துக்கம் முழுவதையும் ஒரு மணிநேரக் கூலியின் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது நாம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

புதியவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன். கட்டுரையாளர் ஜோன் டிடியன் தன் 1968 தொகுப்பின் முன்னுரையில், தான் உருவத்தில் சிறியவள், பேச்சில் தடுமாறுகிறவள், அதனால் ஆட்கள் தன்னை மறந்துவிடுகிறார்கள், அதுதான் தன் பலம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் ஓரமாக நிற்கும் புடவையோ சுடிதாரோ கட்டிய நம் பெண்களுக்கு அது பெரிய தைரியம். இன்னொருவர் பத்திரிகையாளர் கே டலீஸ். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பேட்டி தர மறுத்துவிட்டார், சளி பிடித்திருந்தது. டலீஸ் ஊர் திரும்பாமல் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசினார், தூரத்திலிருந்து பார்த்தார். 1966 ஏப்ரலில் எஸ்க்வயர் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் சினாட்ராவின் செயற்கை முடியை ஒரு சிறிய பையில் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் நரைத்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவருக்கு வாரச் சம்பளம் 400 டாலர். சினாட்ராவே பேசியிருந்தால் இந்த விவரம் நமக்குக் கிடைத்திருக்காது.

சிற்றூர் அமெரிக்காவுக்கு பஸ் பிஸ்ஸிங்கரின் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’. ஃபிலடெல்ஃபியா பத்திரிகையாளர் அவர். 1988-ல் குடும்பத்தோடு டெக்சஸின் ஒடெஸாவுக்குக் குடிபெயர்ந்து ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து (கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அணியோடு ஒரு பருவம் முழுக்க இருந்தார். எண்ணெய் விலை விழுந்து நொந்துபோன ஊர். அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம்தான் எல்லாம். விளையாட்டுப் பிள்ளைகளின் மருந்துக்கும் கட்டுக்கும் பள்ளி செலவழித்த தொகை, ஆங்கிலத் துறையின் கற்பித்தல் பொருள்களுக்கான தொகையைவிட அதிகம் என்று கணக்கைப் புரட்டிக் காட்டுகிறார். பருவம் தொடங்கும் முன்பே முழங்கால் போன ஒரு கறுப்பின நட்சத்திர ஆட்டக்காரரை ஊர் எவ்வளவு வேகமாக மறந்தது என்று எழுதும்போது குரலை உயர்த்துவதே இல்லை. படிக்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

குடியேறி வந்தவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டியது ஆன் ஃபடிமன் 1997-ல் எழுதிய புத்தகம்: கலிஃபோர்னியாவின் மெர்செட் ஊரில் வலிப்பு நோயோடு வளர்ந்த, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் இனத்துக் குழந்தை ஒன்று, அவளைக் காப்பாற்றத் துடித்த மருத்துவர்கள், அவளை உயிராக நேசித்த பெற்றோர். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாத பெற்றோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இரவு பகல் பாராத மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபடிமன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நம் வீட்டுப் பாட்டிகளை இங்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போன யாருக்கும் இது அந்நியக் கதை அல்ல.

இசபெல் வில்கர்சனின் ‘தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்’ தடிமனான புத்தகம், 2010-ல் வந்தது. 1915-லிருந்து 1970 வரை சுமார் அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போன கதை. 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசிவிட்டு மூன்றே பேரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டார். அதில் ஒருவர் மருத்துவர். லூசியானாவிலிருந்து 1953-ல் தன்னந்தனியாக லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரோட்டிப் போகிறார். பாலைவனத்தில் இரவில் விடுதி விடுதியாகக் கேட்கிறார். கறுப்பர் என்பதால் ஒருவரும் அறை தரவில்லை. தூங்காமல் ஓட்டுகிறார். அந்த இரவை எழுதுவதற்காக வில்கர்சன் தன் பெற்றோரை உட்கார வைத்துக்கொண்டு அதே வழியில் காரோட்டினார். கண் சொருகத் தொடங்கியதும் பெற்றோர் பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களுக்கு அறை கிடைத்தது. மூழ்கி எழுதுவது என்று நான் நம்புவது இதைத்தான்: ஆவணத்தில் இருக்கும் சோர்வைத் தன் உடம்பில் ஒரு இரவாவது வாங்கிப் பார்ப்பது. இவருடைய அடுத்த புத்தகம் அமெரிக்க நிறவெறியைச் சாதியோடு வைத்துப் பேசியது. நம் வாசகர்கள் பலருக்கு அதனால்தான் இவர் பெயர் தெரியும். நான் முதல் புத்தகத்தைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன்.

இவற்றை எப்படி வாசிப்பது என்றும் சொல்கிறேன். முதல் முறை கதைக்காக வாசித்துவிடுங்கள். பிடித்த ஒரு ஐந்து பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு இரண்டாம் முறை பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "இது எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்ததென்றால் ஓரத்தில் ‘பா’, யாரோ சொன்னதென்றால் ‘சொ’, ஆவணத்திலிருந்து வந்ததென்றால் ‘ஆ’. ஒரு பத்தியில் மூன்றும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று தெரியும்போதுதான் இந்த எழுத்தின் தையல் கண்ணுக்குப் படும். கதைபோல ஓடும் பக்கத்துக்குப் பின்னால் எத்தனை விசாரணை இருக்கிறது என்றும் புரியும்.

புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இங்கே உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். முகப்பில் கேட்டால் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் அமெரிக்கன் சென்டர் நூலகம் இருக்கிறது.

களத்தைத் தேர்ந்தெடுப்பது

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறதா? அங்கே யாருக்காவது ஏதாவது பணயத்தில் இருக்கிறதா? அது பணமோ, வீடோ, பிள்ளையோ, மானமோ, எதுவாகவும் இருக்கலாம்.

கவுன்ட்டி நீதிமன்றம் மூன்றுக்கும் பொருந்தும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் நடக்கும் நாளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பின் வரிசையில் உட்காருங்கள். பல வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாடகைக்காரர் வராமலே தீர்ப்பாவதும் உண்டு. மேத்யூ டெஸ்மண்ட் மில்வாக்கியில் வீட்டு வண்டிகள் நிற்கும் குடியிருப்பிலும், அறை வாடகைக்கு விடும் ஒரு விடுதியிலும் வாழ்ந்து இதைப் பற்றி 2016-ல் எழுதிய புத்தகம் புலிட்சர் பரிசு பெற்றது. அவர் அளவுக்கு நம்மால் முடியாது. ஒரு காலைப்பொழுது உட்கார முடியும்.

பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டம் இன்னொன்று. நிகழ்ச்சி நிரலை முன்பே வெளியிட்டுவிடுவார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடம் தருவது வழக்கம். ஒரு பாடப்புத்தகத்துக்கோ பேருந்துத் தடத்துக்கோ மக்கள் எழுந்து நின்று பேசுவதைக் கேட்டால், தொலைக்காட்சி விவாதங்களில் காணாத அமெரிக்கா ஒன்று தெரியும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடங்களில் நடக்கும் மீன் வறுவல் விருந்து, நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடை, பள்ளிக் கால்பந்து, முன்னாள் படைவீரர் மன்றம் எல்லாமே நல்ல களங்கள்.

இடம் எதுவானாலும் போகும் முன் ஒரு மாதமாவது உள்ளூர் செய்தித்தாளில் இரங்கல் குறிப்புகளைப் படித்து வாருங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். இறந்தவர் எந்தத் தேவாலயம், எந்தத் தொழிற்சாலையில் எத்தனை வருடம், கொரியாவிலோ வியட்நாமிலோ இருந்தாரா, எந்த அணியின் ரசிகர், பின்னால் விட்டுச் சென்ற உறவுகள் யார் யார், மலர்களுக்குப் பதில் எந்த அமைப்புக்கு நன்கொடை தரலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கவுன்ட்டியில் எந்த ஆலை மூடியது, எந்தக் குடும்பங்கள் நிலத்தோடு இருக்கின்றன, பிள்ளைகள் எந்தெந்த மாநிலத்துக்குப் போய்விட்டார்கள் என்பதை நான் முதலில் அறிந்தது அங்கேதான்.

பன்றிக் கொட்டகையில்

ஒஹாயோவில் 88 கவுன்ட்டிகள். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை எங்காவது ஒரு கவுன்ட்டித் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். ராட்டினம், எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டங்கள், டிராக்டர் இழுவைப் போட்டி எல்லாம் உண்டு. நான் எழுதியது கால்நடைக் கொட்டகையைப் பற்றி மட்டும். ஃபோர்-ஹெச் என்ற பிள்ளைகள் அமைப்பு 1902-ல் இதே ஒஹாயோவின் கிளார்க் கவுன்ட்டியில் தொடங்கியது. நான்கு இலை கொண்ட பச்சைச் சின்னம். பிள்ளைகள் வசந்தத்தில் ஒரு பன்றிக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ வாங்கி, தாங்களே வளர்த்து, தீவனக் கணக்கை ஏட்டில் எழுதி, கோடையில் திருவிழாவுக்குக் கொண்டுவருவார்கள். முதலில் போட்டி. நடுவர் ஒலிவாங்கியோடு நின்று ஒவ்வொரு விலங்கின் நடையையும் தோளையும் தொடையையும் விளக்கி வரிசைப்படுத்துவார். கடைசி நாட்களில் ஏலம். ஏலம் போனால் பெரும்பாலான விலங்குகள் நேரே கசாப்புக்கு.

முதல் நாள் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கொட்டகையின் மரப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். காற்றாடிகள் சுற்றுகின்றன. ஒவ்வொரு பட்டியின் மேலும் பிள்ளையின் பெயர் எழுதிய பலகை. அதை அலங்கரிப்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். ஒரு பட்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, தாத்தா பாட்டி என்று முழுக் குடும்பமும் வாரம் பூரா குடியிருக்கிறது. அடுத்த பட்டியில் ஒரு பையன் மட்டும். அம்மா வேலை முடிந்து சீருடையோடு மாலையில் வருகிறார். அந்தஸ்து விவரம் என்று வுல்ஃப் சொன்னதை நான் அந்தப் படியில்தான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் பேச்சு கொடுத்தேன். "நான் தமிழில் எழுதுகிறேன், இந்தியாவில் படிப்பார்கள், இதைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது, எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். வெளியூர்க்காரர் என்பது குறை இல்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து கேட்கும் உரிமையை அது தருகிறது. அமெரிக்கர்களை அரசியல் பற்றியோ மதம் பற்றியோ கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு மறுப்புச் சொன்னவர்களை நான் இங்கே பார்த்ததே இல்லை. பன்றிக்கு வெயில் எரிச்சல் வராமல் பார்ப்பது, ரம்பத்தூளை எப்போது மாற்றுவது என்று தொடங்கிய பேச்சு, அரை மணியில் நிலத்தை யார் விற்றார்கள், அண்ணன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பதில் போய் நிற்கும்.

ஏல மாலையின் குறிப்பேட்டுப் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"6.40. பெண், வயது பன்னிரண்டு இருக்கும். பின்பையில் பிரஷ். பன்றியின் முதுகில் ஒட்டிய தூளைத் தட்டுகிறாள், நடந்துகொண்டே. கையில் மெல்லிய கோல், அடிக்கவில்லை, தாடையருகே தொட்டுத் திருப்புகிறாள். அப்பா வேலிக்கு வெளியே, தொப்பி கையில். ஏலக்காரர் வங்கியின் பெயரை இரண்டு முறை சொல்கிறார். கைதட்டல். பெண் வாங்கியவரைத் தேடிப் பார்த்துத் தலையசைக்கிறாள். அழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் பன்றியின் கழுத்தில் முகம்."

கட்டுரையில் அது இப்படி வந்தது:

"கதவு சாத்தும்வரை அவள் அழவில்லை. வளையத்துக்குள் இருந்தவரை அவளுக்கு வேலை இருந்தது. பன்றியைத் தலை நிமிர்ந்து நடக்க வைக்க வேண்டும், தூள் தட்ட வேண்டும், வாங்கியவர் யார் என்று கூட்டத்தில் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும். எல்லாம் செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை."

என்ன விட்டிருக்கிறேன் என்று பாருங்கள். ‘பாவம்’ இல்லை, ‘பிஞ்சு உள்ளம்’ இல்லை, அவள் மனதில் என்ன ஓடியது என்ற ஊகம் இல்லை. பின்னால் அவளிடமே கேட்டேன், அம்மா பக்கத்தில் இருக்க. அவள் பன்றியைப் பற்றிப் பேசவில்லை. தீவனத்துக்கு எவ்வளவு ஆனது, குட்டி வாங்கிய விலை என்ன, மிச்சம் எவ்வளவு, அதில் எவ்வளவு கல்லூரிக் கணக்குக்குப் போகும் என்று சொன்னாள். கண் இன்னும் சிவந்திருந்தது. துக்கமும் வரவுசெலவும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் இருப்பதை நான் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எழுதிவிட்டேன். அமெரிக்காவைப் பற்றி நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது.

ஏலத்தில் இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் ஊர்ப் பக்க மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. இங்கே விலையும் வாங்கியவர் பெயரும் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் வங்கி, தீவனக் கடை, கார் விற்பனையகம், தானியக் கிடங்கு. பிள்ளைகள் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை நான் முழுதாக எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதுதான் எங்கள் கவுன்ட்டியில் செல்வாக்கு உள்ளவர்களின் பட்டியல். உபகாரமும் விளம்பரமும் ஊர்ப்பற்றும் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் அதில் கலந்திருக்கின்றன. பிரிக்க முயலாமல் அப்படியே எழுதினேன்.

குறிப்பும் ஒழுங்கும்

சிறிய குறிப்பேடு, இரண்டு பேனா. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் பார்த்ததும் கேட்டதும், வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. கட்டுரைக்கு இடப்பக்கம்தான் மூலப்பொருள். வலப்பக்கம் பெரும்பாலும் நம் முன்முடிவுகளாக இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளவாவது எழுதுங்கள். வீட்டுக்கு வந்த இரவே குறிப்புகளை விரித்து எழுதிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் பேச்சின் ஓசை போய்விடும்.

ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒஹாயோவில் பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதம் சட்டப்படி போதும். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தனிப்பட்ட பேச்சைப் பதிவுசெய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சட்டம் எப்படி இருந்தாலும் நான் கேட்காமல் பதிவதில்லை. பிள்ளைகள் என்றால் பெற்றோர் அனுமதி, பெற்றோர் முன்னிலை, பெயர் போடுவதில்லை.

எழுதப்பட்டவர்கள் அந்த எழுத்தோடு வாழ வேண்டியிருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. 1936 கோடையில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸும் அலபாமாவில் மூன்று குத்தகை விவசாயிகளின் குடும்பங்களோடு இருந்துவிட்டு எழுதிய புத்தகம் 1941-ல் வந்தது. ஒரு வீட்டின் பலகைச் சுவரையும் மேஜை இழுப்பறைக்குள் இருந்த பொருள்களையும் அவ்வளவு மரியாதையோடு எழுதியவர்கள் குறைவு. பெயர்களையும் மாற்றியிருந்தார். அப்படியும் அந்தக் குடும்பங்களின் வாரிசுகளில் சிலர் பின்னாளில் தங்கள் வறுமை ஊரறியக் காட்டப்பட்டதில் மனம் கசந்தார்கள். அன்போடு எழுதினாலும் இது நடக்கும். அதனால் நான் எழுதப் போவதை முன்பே சொல்கிறேன், எதைப் போட வேண்டாம் என்கிறார்களோ அதைப் போடுவதில்லை.

எழுத உட்காரும்போது ஒரு வரியும் சேர்க்கக் கூடாது. எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ இந்த வகையின் பெரிய பெயர்; 1966-ல் நூலாக வந்தது. அதன் கடைசிக் கல்லறைத் தோட்டக் காட்சி நடக்கவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. மொழிநடைக்காக அந்தப் புத்தகத்தை இன்றும் வாசிக்கிறேன், ஆனால் அந்தக் கடைசிப் பக்கங்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. உண்மை மனிதர்களின் துயரத்துக்கு நமக்கு வசதியான முடிவு வைக்க நமக்கு உரிமை இல்லை. காட்சி கிடைக்கவில்லையா, கிடைக்கவில்லை என்ற இடத்திலேயே கட்டுரையை நிறுத்துங்கள்.

நடையைப் பற்றி ஒன்றிரண்டு. ஓஹாயோ விவசாயியைத் தஞ்சாவூர் மிராசுதார் மாதிரி பேச வைக்காதீர்கள். எளிய தமிழில், அவர் எவ்வளவு சுருக்கமாகப் பேசினாரோ அவ்வளவு சுருக்கமாகக் கொடுங்கள். டாலரை ரூபாயாக மாற்றிக் காட்டுவதைவிட, அந்தப் பணத்தில் அந்த ஊரில் என்ன வாங்கலாம் என்று சொல்வது நல்லது. "அமெரிக்கர்கள்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் அடித்துவிட்டு, "அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள்" என்று மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் வாக்கியம் நிற்காமல் விழுந்துவிடும். நிற்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் தொலைபேசியை எடுத்துச் சரிபாருங்கள். வயது, தீவனத்தின் பெயர், வேலை பார்த்த வருடங்கள் என்று ஒவ்வொன்றையும் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால் நம் பொறுப்பு கூடுகிறது. நான் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறேன். ஒரு தாத்தா தன் டிராக்டரின் நிறத்தைத் திருத்தினார். சரி, அதுவும் முக்கியம்தான்; அந்த ஊரில் டிராக்டரின் நிறம் என்பது எந்தக் கம்பெனிப் பக்கம் என்ற கேள்வி.

என்னைப்போல் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பணம் வாங்கி எழுதுவது வேலைக் கணக்கில் வரக்கூடும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தப் பத்திரிகையின் காசோலையையும் வாங்காதீர்கள்.

எப்போது தொடங்குவது என்றால், காலண்டரைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளிக் கால்பந்து. பார்வையாளர் பக்கம் போகாமல் பாப்கார்ன் விற்கும் பெற்றோர் பக்கம் நில்லுங்கள். குளிர்காலத்துக்கு நீதிமன்றம், கதகதப்பாகவும் இருக்கும், கேட்பாரும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மீன் வறுவல் விருந்துகள். சமையலறைக்கு ஆள் தேவைப்படும், தட்டுக் கழுவக் கை கொடுத்தால் மேஜையில் கேட்பதைவிடப் பத்து மடங்கு கேட்கலாம். ஏப்ரலில் பன்றிக்குட்டிகள் வீட்டுக்கு வரும். திருவிழாவை எழுத ஆசை இருந்தால் அப்போதே ஒரு ஃபோர்-ஹெச் குடும்பத்தைக் கவுன்ட்டி அலுவலகம் மூலம் கேட்டுப் பிடித்துவிடுங்கள். ஏலத்தன்று போய் நின்றால் கடைசிப் பக்கம்தான் கிடைக்கும்.